ஊரில் திருமணம்: பூ அலங்காரத்தை எங்கிருந்து தொடங்குவது?

லண்டனிலோ டொரண்டோவிலோ இருந்துகொண்டு தமிழ்நாட்டுத் திருமணத்துக்குப் பூ அலங்காரம் யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் படங்களைத்தான் சேகரிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. பிள்ளைகளின் விடுமுறையை ஒட்டித்தான் வர முடியும். ஆனால் கோடை விடுமுறையின் நடுவே ஆடி வந்து நிற்கிறது, கிறிஸ்துமஸ் விடுமுறையை மார்கழி விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது ஆனி, ஆவணி, விடுப்பை நீட்டிக்க முடிந்தால் தை. மூன்றிலும் பூச்சந்தையின் முகம் வேறு.

ஆனியில் மல்லிகைக்குக் குறைவிருக்காது. ஆவணியில் முகூர்த்தங்களோடு விநாயகர் சதுர்த்தியும் ஓணமும் போட்டிக்கு வரும். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் குமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையில் கேரள வியாபாரிகள் குவிவதால் நாகர்கோவில் பக்கம் திருமணம் வைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. தையில் பனியால் மல்லிகை விளைச்சல் சரிந்துவிடும். கோடையில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த பூ, தையில் 3000 ரூபாயைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அந்த மாதத்தில் மேடை முழுக்க மல்லிச் சரம் தொங்கவிடுவது என் கணக்கில் வீண். மேடைக்குச் சம்பங்கியும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் போதும். மல்லிகை தலைக்கும் மாலைக்கும் இருக்கட்டும்.

அடுத்தது கடிகாரம். மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். அன்று பொழுது சாய்ந்ததும் அது விரிகிறது; மறுநாள் காலையில் பழுப்பேறத் தொடங்கிவிடுகிறது. மாலை வரவேற்புக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடையாது. சிக்கல் காலை 6 மணி முகூர்த்தத்தில்தான். முந்தைய நாள் காலை பறித்த பூவை இரவெல்லாம் மண்டபத்து மின்விசிறியின் கீழ் வைத்தால், தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் தலையில் வாடிய பூதான் இருக்கும். எனவே பூக்காரரிடம் "எத்தனை மணிக்குக் கொண்டுவருவீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எப்போது பறித்தது, இரவு எங்கே வைப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். குளிர்பதனத்தில் மொட்டாகவே வைத்திருந்து அதிகாலையில் கொண்டுவர ஏற்பாடு செய்யலாம். கூடவே கனகாம்பரம் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். மணம் இல்லாவிட்டாலும் அது எளிதில் வாடாது.

சேகரித்த படத்தில் உள்ள பியோனியை, அதாவது இதழ் அடுக்கடுக்காக இருக்கும் அந்தக் குளிர்நாட்டுப் பூவை, கேட்டால் அலங்காரம் செய்பவர் "முடியாது" என்று சொல்ல மாட்டார். செயற்கைப் பூவைச் செருகிவிடுவார். அந்தப் பருத்த இதழடுக்குத்தான் வேண்டும் என்றால் இதழ்களை உள்நோக்கி மடித்த தாமரை இருக்கிறது, பியோனியைவிட அழகாகவே இருக்கும். ஹைட்ராஞ்சியா ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பூப்பதுதான், ஆனால் சமவெளி வெயிலில் தண்ணீரின்றி நிற்காது. வெட்டுப் பூக்களில் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் ஓசூர்ப் பக்கத்திலிருந்து தாராளமாக வருகின்றன. இன்னொன்று: பிரான்சில் செவ்வந்தி கல்லறைக்கு வைக்கும் பூ. சம்பந்தி வீட்டார் அங்கிருந்து வருகிறார்கள் என்றால், மேடை நிறைய அதைப் பார்த்துத் திடுக்கிடாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை.

மண்டப ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். தங்களுடைய அலங்காரக்காரரை மட்டுமே அனுமதிக்கும் மண்டபங்கள் உண்டு. ஆணி அடிக்கத் தடை, முந்தைய விசேஷம் முடிந்து எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வாழைமரமும் மாவிலைத் தோரணமும் யார் கட்டுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சமையல்காரர் கட்டுவார் என்று அலங்காரக்காரரும், அலங்காரக்காரர் கட்டுவார் என்று சமையல்காரரும் விட்டுவிடுவது வழக்கம். உண்மைப் பூ எவ்வளவு, செயற்கை எவ்வளவு என்பது கொட்டேஷனில் எழுத்தில் இருக்கட்டும்.

மாலையை அலங்காரத்தோடு சேர்த்து ஒரே ஆளிடம் விடாதீர்கள். நல்ல மாலை கட்டுபவர்கள் கோயில் வாசல்களிலும் பூச்சந்தைகளிலும் தனியாக இருக்கிறார்கள். மாலையை முன்பே ஒருமுறை கட்டச் சொல்லி, கையில் எடுத்து எடை பாருங்கள். பட்டுப்புடவையும் நகையும் அணிந்து ஓமப் புகையில் மணிக்கணக்கில் உட்காரப் போகும் பெண்ணுக்குக் கனத்த ரோஜா மாலை தண்டனைதான். நூலுக்குப் பதில் வாழை நாரில் கட்டியது பூவின் ஈரத்தைக் காக்கும். தாய்மாமன் வீட்டு மாலை தனியாக வருமா என்று பெரியம்மாவிடமோ அத்தையிடமோ கேட்காமல் எண்ணிக்கையைச் சொல்லிவிடாதீர்கள். இரட்டிப்பானால் செலவு, விடுபட்டால் மனத்தாங்கல்.

விருந்தினர் தலைக்கு வைக்கும் பூவை முழக் கணக்கில் வாங்காமல் கிலோவில் பேசுங்கள். முழம் விற்பவரின் கையளவு. கூட்டம் கூடினால் அந்தக் கை சற்றே சுருங்கும்.

மாலைகளை நினைவுக்காகப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விமான நிலையங்களில் அறிவிக்காமல் கொண்டுபோகும் பூவும் விதையும் அபராதத்தில் முடியும். உலர்ந்த பூவும் அதில் சேர்த்திதான்.