சுகாதார ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கு நிதி: விண்ணப்பங்கள் சறுக்கும் இடங்கள்

ஏழைகளுக்கு நோய் அதிகம் வருகிறது என்று காட்டுவதற்குப் பணம் கேட்கும் விண்ணப்பங்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆருக்கோ மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறைக்கோ எழுதும் புதியவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இப்படிச் சறுக்குகிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் எண்கள் வரிசையாக வரும்: 2019-21இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சரி, மதிப்பிடுபவருக்கு இது மனப்பாடம். அப்புறம், “எங்கள் மாவட்டத்திலும் இதை அளக்கப் போகிறோம்” என்று முடித்தால் அவர் அடுத்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்துவிடுவார். எதை மாற்றினால் ஏழைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இந்த வித்தியாசம் குறையும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அதை எப்படிச் சோதிப்பீர்கள் என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஊட்டக்குறைவு உள்ள வீட்டில் காசநோய் சுலபமாக வரும் என்பது பழைய செய்தி. ஐசிஎம்ஆர் நிதியில் நடந்த இந்த ஆய்வு கேட்டது ஒரே கேள்விதான்: நோயாளிக்கு மட்டும் சத்துணவு கொடுப்பதை விட, கூட வசிக்கும் குடும்பத்தாருக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? சுமார் 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேல். 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: உணவு பெற்ற வீட்டாரிடம் புதிய காசநோய் 39 சதவீதம் குறைந்தது. கேள்வியில் அரிசி மூட்டை இருந்ததால் பதிலிலும் அது இருந்தது. அரசு அதிகாரி ஒருவர் அதை வைத்து உடனே கணக்குப் போடலாம்.

அடுத்தது மாதிரி அளவு, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேரை எடுப்பது என்பது. பழங்குடியினரையும் மற்றவர்களையும் ஒப்பிடுவோம் என்று நோக்கத்தில் எழுதியிருப்பார்கள். மாதிரிக் கணக்கோ மொத்த மக்கள்தொகைக்கும் சேர்த்துப் போட்டிருக்கும். தமிழ்நாட்டில் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்புப்படி 1.1 சதவீதம். பொத்தாம்பொதுவாக 600 பேரை எடுத்தால் அதில் ஆறேழு பேர்தான் தேறுவார்கள். அவர்களை வைத்து என்ன ஒப்பிடுவது? எந்தக் குழுவைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ, அந்தக் குழுவில் எத்தனை பேர் தேவை என்பதைத் தனியாகக் கணக்கிட்டு, கூடுதலாக எடுங்கள். புள்ளியியலாளரை மாதிரி எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். தரவு சேர்ந்தபின் போய் நின்றால் அவர் கையைத்தான் விரிப்பார்.

பட்ஜெட்டில் கருவிக்கும் கணினிக்கும் தாராளம், களத்துக்குக் கஞ்சத்தனம். வால்பாறை எஸ்டேட் தொழிலாளிகளிடம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கொழுந்து பறிக்கக் கிளம்பும் முன்பே உங்கள் குழு அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அதற்கு முந்தின இரவே மலையேறித் தங்க வேண்டும். ஜீப், ஐஸ் பெட்டி, பேர் எழுத ஒருவர், ரத்தம் கொடுத்தவருக்குச் சாப்பாடு, பாதி நாள் வேலை போனால் அதற்கான கூலி என்று செலவு நீளும். கூலி இழப்பை ஈடுசெய்வதை ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளே அனுமதிக்கின்றன. ஆனாலும் அதைக் கேட்பதற்குப் பலர் ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

நோய்த்தடுப்பு ஆய்வுகளுக்கு இன்னொரு தலைவலி காலம். மூன்று ஆண்டு நிதியில் மாரடைப்பு குறைந்ததைக் காட்ட முடியாது. ரத்த அழுத்தம் குறைந்ததைக் காட்டலாம். முடியக்கூடியதை மட்டும் வாக்குக் கொடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் வேறு சிக்கல். சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவான எச்எம்எஸ்சியின் ஒப்புதல் வேண்டும். அதற்கு ஆகும் மாதங்களைக் கால அட்டவணையில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். வெளிநாட்டு நன்கொடைகளை முறைப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தச் சட்டத்தின் கீழ் பணம் பெறும் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது; நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. “நாங்கள் வாங்கி, கிராமத்துத் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பங்கு கொடுப்போம்” என்ற பழைய ஏற்பாடு இப்போது செல்லாது. பழைய விண்ணப்பத்தை வெட்டி ஒட்டுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசி நாளில் கல்லூரி முதல்வரின் கையெழுத்துக்கு அலைவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் பிரிவை மட்டும் மறக்காதீர்கள். முதல் ஆண்டுக்கான செலவுச் சான்றிதழ், எல்லாரும் சொல்கிற அந்த யூசி, போய்ச் சேராமல் அடுத்த தவணை நகராது. அதற்குள் களப்பணியாளர்களின் சம்பளம் நிற்கும், பழகியவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். பட்ஜெட் போடும்போதே கணக்கரிடம் போய் உட்கார்ந்து, யூசி யார் தயாரிப்பது, எந்த மாதம் அனுப்புவது என்று முடிவு செய்துவிடுங்கள்.