வாசிக்கத் திணறும் பிள்ளையோடு மாலையில் 20 நிமிடம்

“டீச்சர், க கா கி கீ என்று பாட்டாகவே பாடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஒரு வரி வராது. சோம்பேறித்தனம்தானே?” கோவில்பட்டியில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். பதிலும் மனப்பாடம்: இல்லை, சோம்பேறித்தனம் இல்லை.

பாட்டாகப் பாடுகிறானே, அங்கேதான் சிக்கல். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று சுவரில் தொங்கும் அட்டவணையைப் பிள்ளை காதால் கற்றிருக்கிறான், கண்ணால் அல்ல. சோதித்துப் பாருங்கள். தனித்தனிச் சீட்டில் பத்து எழுத்துகளை எழுதிக் கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ‘பே’ வந்ததும் அவன் உதடு ப, பா, பி, பீ என்று முதலிலிருந்து ஓடி வந்து நின்றால், அவனுக்கு ‘பே’ தெரியாது. ‘பே’ இருக்கும் இடம்தான் தெரியும். ஒரு சொல்லில் நான்கு எழுத்து இருந்தால் நான்கு முறை ஓட வேண்டும். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்திருக்கும்.

வீட்டுப் பயிற்சியைத் தொடங்கும் முன் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். காதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, பேச்சு மங்கலாகக் கேட்கலாம். ‘பல்’, ‘பள்’ இரண்டும் அவனுக்கு ஒன்றாகவே கேட்டால் எழுத்தில் எப்படிப் பிரிப்பான்? கண், காது இரண்டும் சரியாக இருந்து, பேச்சிலும் விளையாட்டிலும் கெட்டிக்காரனாக இருந்து, எழுத்தில் மட்டும் தடுமாறினால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்லெக்சியா என்று சொல்வது இதன் ஒரு வகை. புதிய நோய் என்று பயப்படாதீர்கள். 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடம் முழுவதும் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அந்தப் பையனை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்; ஊரும் பெயரும்தான் வேறு.

நேரத்துக்கு வருகிறேன். பள்ளி விட்டு வந்து, ஏதாவது தின்று, அரை மணி நேரம் ஓடியாடிய பிறகு உட்காருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம். 20 நிமிடம் போதும். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்துப் பிடிப்பது ஒரு வார மருந்தை ஒரே நாளில் விழுங்குவது போல. யார் உட்காருவது? வீட்டில் யாருக்குக் கோபம் குறைவோ அவர். என்னிடம் வரும் ஒரு பையனுக்கு அது அவனுடைய ஆச்சி. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ‘லை’, ‘னை’ எழுத்துகளை யானைத் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் எழுதுவார். 1978இல் அரசு எழுத்தைத் திருத்தியது அவர் கைக்கு இன்னும் தெரியாது. ஆகவே ஆச்சி எழுதக் கூடாது, வாசிப்பு மட்டும்தான் என்று பேசி முடித்தோம். பட்டதாரிப் பெற்றோரைவிட நன்றாகச் செய்கிறார்.

முதல் மூன்று நிமிடம் காகிதமே வேண்டாம், காது விளையாட்டு. ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ‘மரம்’ என்றால் பிள்ளை ம, ர, ம் என்று மூன்று கொட்டை வைக்க வேண்டும். ‘பட்டாசு’ என்றால் நான்கு. பிறகு நீக்கும் விளையாட்டு: ‘கடல்’ என்ற சொல்லில் ‘ட’வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? ‘கல்’. இதைச் செய்ய முடியாத பிள்ளைக்கு எழுத்துச் சீட்டு காட்டிப் பயனில்லை. இரண்டு வாரம் கொட்டை விளையாட்டு மட்டும் விளையாடுங்கள்.

அடுத்தது தீப்பெட்டி. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. காலிப் பெட்டியின் மேல் கூட்டில் ‘க்’ என்று எழுதுங்கள். உள்ளே இருக்கும் தட்டின் ஒரு முனையில் ‘ஆ’ என்று எழுதுங்கள். மெய் என்றால் உடம்பு, உள்ளே போவது உயிர். நம் இலக்கணக்காரர்கள் பெயர் வைக்கும்போதே பாடத்தையும் சொல்லிவிட்டார்கள். தட்டை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டே ‘க்...ஆ’ என்று சொல்ல வேண்டும். பெட்டி மூடும் நேரத்தில் ‘கா’. பெட்டியைத் திருப்பினால் பின்பக்கம் ‘கா’ என்று எழுதியிருக்க வேண்டும். இருபது பெட்டிகள் செய்ய ஒரு மாலை ஆகும். பிள்ளையையே ஒட்ட வையுங்கள். அட்டவணையில் பாதி நேரம் ‘எங்கே இருக்கிறது’ என்று தேடியவன், பெட்டியில் ‘எப்படி உண்டாகிறது’ என்று பார்க்கிறான். இதைச் சரியாகச் செய்தால் 216 உயிர்மெய்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எந்த எழுத்தில் தொடங்குவது? எழுத எளிது என்பதால் ட, ப, ம என்று சிலர் தொடங்குவார்கள். சாதாரணப் பிள்ளைக்குச் சரி. உருவம் குழம்பும் பிள்ளைக்கு ப, ம, ய எல்லாம் ஒரே வேலிக்கம்பி. நான் ம, ர, க, ட, ல என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத எழுத்துகளில் தொடங்குவேன். ‘ம்’, ‘ல்’ சேர்த்தால் மரம், கல், கடல், மடல், கரகம் என்று முதல் வாரத்திலேயே சொற்கள் வந்துவிடும். துணைக்கால் சேர்ந்தால் காகம், காரம், மாமா, மாமரம். புதிய எழுத்தைத் தாம்பாளத்தில் பரப்பிய ரவையில் விரலால் எழுத வேண்டும். எழுதும்போதே ஒலியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஆங்கிலத்துக்கு வகுத்த முறையின் அடிப்படையும் இதுதான். நம் ஊரில் அரிசியில் விரல் பிடித்து ‘அ’ எழுத வைக்கும்போது பாதி முறையைச் செய்துவிடுகிறோம். மறுநாளே விட்டுவிடுவதுதான் குறை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பயிற்சி பெற்ற புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். இடம் வலம் மாறித் தெரியும் எழுத்துகளுக்கு அவற்றில் பக்கம் பக்கமாகப் பயிற்சி இருக்கும். வேலைக்கு வந்த முதல் வருடம் அதே கண்ணாடி பிம்பப் பயிற்சிகளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கொடுத்து மாதங்களை வீணாக்கினேன். தமிழில் கண்ணாடி பிம்ப எழுத்துகள் பெரிய தொல்லை இல்லை. இங்கே தொல்லை கொம்பு.

‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது. கண்ணுக்கு முதலில் படுவது, வாயில் இரண்டாவதாக வர வேண்டும். ‘கொ’வில் இரண்டு பக்கமும் நின்று நடுவில் இருக்கும் எழுத்தை நெருக்குகிறது. ‘கௌ’வில் இருக்கும் ‘ள’ மாதிரியான உறுப்பைப் பிள்ளை ‘ள’ என்றே வாசித்தால் அவன் மேல் தப்பே இல்லை. வழி இதுதான்: கொம்பைச் சிவப்பு மையில் எழுதுங்கள். விரலை முதலில் கறுப்பு எழுத்தின் மேல் வைத்து ‘க்’ என்று சொல்லி, பிறகு சிவப்புக்குப் போய் ‘எ’ என்று சொல்லச் சொல்லுங்கள். விரல் பின்னோக்கி நகர்வது விசித்திரமாகத் தெரியும், பரவாயில்லை. ஒரு மாதத்தில் விரலை எடுத்துவிடுவான். உகர வரிசையை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். பு, சு, வு ஒரு குடும்பம்; து, நு, லு, று ஒரு குடும்பம்; கு, டு, மு, ரு இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தைத்தான் வீட்டுக்கு அழைக்க வேண்டும்.

அடுத்து வாசிப்பு, ஐந்து நிமிடம். தெரிந்த எழுத்துகள் மட்டும் உள்ள நான்கு வரிகளை நீங்களே எழுதிவையுங்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு சேர்ந்து வாசியுங்கள், பிறகு அவன் தனியாக. தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். வரவில்லையா, சொல்லைக் கொடுத்துவிட்டு மேலே போங்கள். “நன்றாகப் பார்”, “நேற்றுதானே சொன்னேன்” இரண்டும் தடை. அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இன்னொரு நுட்பம்: ‘இருக்கிறது’ என்று அச்சில் இருப்பதைப் பிள்ளை வீட்டில் பேசும் விதத்தில் சுருக்கி வாசித்தால் திருத்தாதீர்கள். பொருள் புரிந்து வாசிக்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி கிடையாது. மாறாக ‘மகன்’ என்பதை ‘மக்கன்’ என்று வாசித்தால்தான் கவனிக்க வேண்டும். ‘க’ இடத்துக்கு இடம் ஒலி மாறுவதை இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். கண், மகன், தங்கம் மூன்றையும் ஒன்றாக வைத்துச் சொல்லிக் காட்டுங்கள். கடைசி இரண்டு நிமிடம் அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்; கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.

நோட்டில் சரியாக வாசித்த சொற்களை மட்டும் குறியுங்கள். தவறுகளுக்குப் பட்டியல் வேண்டாம்.

எழுத்தைவிட மனசு பெரிய வேலை. திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, புத்தகப்பையை மறந்து வைப்பது, வாசிக்கச் சொன்னதும் கோமாளித்தனம் செய்வது எல்லாம் ஒரே பேச்சின் வேறு வேறு சொற்கள். ‘மக்கு’ என்ற சொல்லை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், தங்கையோடு ஒப்பிடுவதையும். “உனக்கு எழுத்து கஷ்டமாக இருக்கிறது, எனக்குத் தெரியும், நாம் வேறு வழியில் போகலாம்” என்று ஒருமுறை நேராகச் சொல்லிவிடுங்கள். வயிற்றுவலியும் அழுகையும் நிற்காமல் தொடர்ந்தாலோ, சாகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தாலோ அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் மனநல ஆலோசகரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணம் இல்லாமல் பேசலாம்; தமிழிலும் பேசுவார்கள். 15 நாளில் சரளமாக வாசிக்க வைப்போம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள்; சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு அது இருக்க வேண்டும்.

சான்றிதழ் பற்றி: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, கற்றல் குறைபாடு அதில் ஒன்று. முறையான பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனத்திலோ கேட்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரிடமிருந்து தொடங்குவது எளிது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பில் பிப்ரவரி மாதம் ஓடிவருபவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் வயிற்றுவலி வருகிறது.

பெரியவர்களுக்கும் இந்தப் பயிற்சி பொருந்தும். மகனைக் கொண்டுவந்துவிட்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர், மூன்றாவது மாதம், “டீச்சர், இந்தப் பெட்டியை நானும் தள்ளிப் பார்க்கலாமா?” என்று கேட்டார். வயது 41. கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தோம். பெரியவர்களிடம் ‘அணில், ஆடு’ படப்புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அவமானமாக இருக்கும். அவருக்கு நான் பஸ் பலகைச் சொற்களைத்தான் எழுதினேன்: சாத்தூர், கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம். பார்த்துப் பழகிய உருவத்தை உடைத்து எழுத்தாக்குவது புதிதாகக் கற்பதைவிட அவருக்குச் சுலபமாக இருந்தது. இப்போது அப்பாவும் மகனும் ஒரே பெட்டிகளை மாற்றி மாற்றித் தள்ளுகிறார்கள். யார் வேகம் என்று போட்டி; மகன்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறான், அப்பா அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தீப்பெட்டி ஒரு மாதத்தில் நைந்துவிடும், புதிதாகச் செய்துகொள்ளுங்கள். ரவையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும். எழுதிய ரவையில் உப்புமா செய்யலாமா என்று ஓர் அம்மா கேட்டார். பிள்ளை கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தால் செய்யலாம்.