ஆக்கள் வரும் நாளில் நாயும் பூனையும்

வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வந்தால் எங்கள் வீட்டில் சனம் நிறைந்துவிடும். ஆடி, ஆவணியில் கனடாப் பிள்ளைகள் வருவார்கள். முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கம் வளவு வைத்திருப்பவர்களுக்கு நாய் இல்லாமல் சரிவராது, இரவில் பன்றி வரும். புது ஆளைக் கண்டு குரைப்பதுதான் எங்கள் நாய் ஜிம்மியின் வேலை. அதற்காக அதை அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

படலையில் ஆக்கள் வந்து கூப்பிட்ட பிறகு கயிறு தேடுவதுதான் நம் வழக்கம். நாய்க்கு அதில் விளங்குவது ஒன்றே ஒன்று: புது ஆள் வந்தால் தனக்குக் கயிறு. அடுத்த முறை இன்னும் கோபமாகப் பாயும். அதனால் இரண்டு கிழமைக்கு முன்பே, யாரும் வராத நாட்களில், பின்னேரம் கொஞ்ச நேரம் கட்டிப் பழக்குங்கள். கட்டியதும் மீன் தலை போட்டுப் பிசைந்த சோறு வையுங்கள். பிறகு கயிற்றைக் கண்டாலே வாலாட்டும்.

கட்டும் இடமும் முக்கியம். படலையடியும் கிணற்றுக்குப் போகும் வழியும் வேண்டாம், ஆள் கடக்கும்போதெல்லாம் பாயும். குசினிக்குப் பின்னால், மத்தியானத்திலும் நிழல் நிற்கிற மரத்தடி நல்லது. தண்ணீர்ச் சட்டியைப் பாதி மண்ணில் புதைத்தால் கவிழாது. கட்டிய நாயால் விலகி ஓட முடியாது, அதனால் பயந்தால் கடிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

"கடிக்குமோ மாமி?" என்று கேட்டால், "சீச்சீ, ஒண்டும் செய்யாது" என்று நான் சொல்வதில்லை. "ஓடாதேங்கோ, கண்ணைப் பார்க்காதேங்கோ, சும்மா நில்லுங்கோ, அது மணந்து பார்த்திட்டுப் போகும்" என்பேன். வெளிநாட்டில் நாயோடு கட்டிலில் படுத்துப் பழகிய பிள்ளைகள் இங்கேயும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும். ஊர் நாய்க்கு அது பழக்கமில்லை. உடம்பு விறைத்தால், வாலைக் காலுக்குள் இடுக்கினால், நித்திரை வராமலே கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் பிள்ளையை மெதுவாகத் தள்ளி எடுங்கள். உறுமுகிற நாயை அடிக்கவே கூடாது. அடி வாங்கினால் அது உறுமுவதை விட்டுவிட்டு, அடுத்த முறை நேரே கடிக்கும்.

விசர்நாய்த் தடுப்பூசியை வருடா வருடம் போட்டு, அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பல்லோ நகமோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காயத்தில் மஞ்சளும் வேண்டாம், கோப்பித்தூளும் வேண்டாம். ஊசி போட்ட நாய்தானே என்று பேசாமல் இருக்கவும் வேண்டாம்.

அப்புறம் வெளிநாட்டுச் சொக்லேற். அது நாய்க்கு நஞ்சு, கறுப்புச் சொக்லேற் இன்னும் மோசம். முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சீனி இல்லாத சுவிங்கம், வெங்காயம் போட்ட மிச்சக் கறி, சமைத்த கோழி எலும்பு எதுவும் கொடுக்க வேண்டாமென்று வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். பயணப் பைகளை நிலத்தில் விடாமல் அலுமாரிக்குள் வையுங்கள். கைப்பையிலிருந்து விழும் பனடோல் குளிசை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

பூனைக்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. ஆஸ்துமா இழுப்பு உள்ளவர் வருகிறார் என்றால் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துப் போட்டு, அவர் படுக்கும் அறைக் கதவைப் பூனை நுழையாமல் சில நாட்கள் முன்பே சாத்தி வையுங்கள். கோழிகளைக் கொஞ்சம் பிந்தித் திறந்தால் விறாந்தை துப்புரவாக இருக்கும். கொடியில் காயும் சேலை ஆட்டுக்கு எட்டக்கூடாது. வாசலில் கழற்றிய செருப்புகளை உயரத்தில் எடுத்து வையுங்கள், நாய்க்குட்டி தூக்கிக்கொண்டு போனால் பற்றைக்குள் தேடி முடியாது.

வான் வெளிக்கிடும் முன் சாரதியிடம் சொல்லிக் கீழே குனிந்து பார்க்கச் செய்யுங்கள், நாய் நிழலுக்கு அங்கேதான் படுத்திருக்கும். எஞ்சின் மூடியிலும் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். பூனைக்குட்டி ஏறியிருந்தால் குதித்து ஓடிவிடும்.