ராஸ்பெரி பையில் தமிழ்க் குரலை அமைத்தல்

பார்வைக் குறையுடையவருக்காக ராஸ்பெரி பை போன்ற சிறு லினக்ஸ் கணினியை அமைப்பவர், குரலின் இனிமையைவிட அதன் விரைவையே முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் காத்திருக்க வைக்கும் குரலோடு நாள் முழுதும் வேலை செய்ய இயலாது. இதற்கு, எழுத்தைப் பேச்சாக மாற்றும் நிரலான இஸ்பீக் என்ஜி மிகவும் ஏற்றது. மனிதக் குரல் பதிவுகளைச் சேமிக்காமல் பெரும்பாலும் ஒலியைக் கணக்கிட்டே உருவாக்குவதால், அது சில மெகாபைட்டில் அடங்குகிறது. தமிழும் அதில் உண்டு. அதன் முன்னோடி 1995இல், ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கணினிகளுக்காக எழுதத் தொடங்கப்பட்டது என்பதும், ராஸ்பெரி பையின் ஆர்ம் வகைச் செயலியும் ஏகார்னில் பிறந்ததே என்பதும் மகிழ்ச்சி தரும் ஒற்றுமை.

முதலில் ஒலி வெளிவரும் வழியை உறுதி செய்யுங்கள். பை 4இல் 3.5 மி.மீ. ஒலித்துளை உண்டு, பை 5இலும் பை சீரோவிலும் அது இல்லாததால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி அல்லது புளூடூத் வழியே ஒலிபெருக்கியை இணைக்க வேண்டும். ஒலியளவைச் சரிசெய்யும் நிரலான ஆல்சாமிக்சரைத் திறந்து, ஒலியளவு அடைத்து வைக்கப்படவில்லை என்பதையும் பாருங்கள்.

பின்னர் நிரல்களை நிறுவும் கருவியான ஆப்ட் வழியே இஸ்பீக் என்ஜியை நிறுவி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் அதன் பெயருக்குப் பின் சிறுகோடும் 'வி' (v) என்ற ஆங்கில எழுத்தும் இட்டு, தமிழின் குறியீடான 'டி', 'ஏ' (ta) ஆகிய சிற்றெழுத்துகளைச் சேர்த்து, மேற்கோள் குறிக்குள் ஒரு தமிழ் வாக்கியத்தை எழுதுங்கள். இயல்பு வேகமான நிமிடத்துக்கு 175 சொற்கள், நீண்ட தமிழ்ச் சொற்களைப் புதிதாகக் கேட்பவருக்கு மிகுதி. வேகத்தைக் குறிக்கும் 'எஸ்' (s) தெரிவில் 130 என்று குறைத்துத் தொடங்கலாம். பழகிய பயனர் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்வார்.

திரைவாசிப்பானான ஓர்கா, பொதுவாக ஸ்பீச் டிஸ்பேச்சர் என்ற இடையாள் நிரல் வழியாகக் குரலை அழைக்கிறது. அதையும் நிறுவியபின், ஓர்காவின் விருப்பங்களில் குரல் பகுதிக்குச் சென்று இஸ்பீக் என்ஜியையும் தமிழையும் தேர்ந்தெடுங்கள். டெர்மினலில் பேசிய குரல் ஓர்காவில் பேசாவிட்டால், பெரும்பாலும் இந்த இடைப்பட்ட அமைப்பையே சரிபார்க்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைக் குரல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே வாசிக்கும். அவற்றை முன்கூட்டியே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

நீண்ட ஆங்கிலக் கட்டுரைகளைக் கேட்க இயல்பான குரல் வேண்டுமெனில், நரம்பியல் வலை முறையில் இயங்கும் பைப்பர் என்ற குரல் நிரலைத் தனியே சேர்க்கலாம். அதன் ஒவ்வொரு குரலுக்கும் குரல் மாதிரி அடங்கிய ஓனிக்ஸ் கோப்பும், அதற்குரிய அமைப்புகள் அடங்கிய ஜேசன் கோப்பும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். அது செயலிக்குக் கூடுதல் சுமை தருவதால், திரைவாசிப்புப் பணியை இஸ்பீக் என்ஜியிடமே விட்டுவைப்பது நல்லது.