கேப் அடேர்: தென்துருவ முனை ஒன்றை வரைபடத்தில் சரியாகக் குறிப்பது எப்படி

கோவை, ஈரோட்டுப் பக்கம் பள்ளிக் கண்காட்சிக்கு அண்டார்க்டிகா வரைபடம் போடுகிற ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது. விக்டோரியா லேண்ட் என்ற அண்டார்க்டிகப் பகுதியின் வடகிழக்கு நுனியான கேப் அடேரை எடுத்துக்கொள்வோம். இருப்பிடம்: தெற்கு 71°17′, கிழக்கு 170°14′.

முதல் வேலை, இதைத் தசமமாக்குவது. 17ஐ 60ஆல் வகுத்தால் 0.283. ஆக −71.283, 170.233. அவசரத்தில் 71.17 என்று அடித்தால் புள்ளி 12 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே நகர்ந்து கடலில் விழும். கழித்தல் குறியை விட்டால் இன்னும் மோசம்: ரஷ்யாவுக்கு வடக்கே, கிழக்கு சைபீரியக் கடலுக்கே போய்விடும்.

கூகுள் மேப்பில் அட்சம் முதலில், தீர்க்கம் அடுத்து. ஆனால் அச்சுக்கு அந்த வரைபடம் வேண்டாம். உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்க அது கையாளும் மெர்கேட்டர் முறை துருவத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதில் போடுங்க. எண்களை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக ஏற்றும்போது எக்ஸ் கட்டத்தில் தீர்க்கம், ஒய் கட்டத்தில் அட்சம். ஏற்றிய புள்ளி அடுக்கின் ஆய முறைக்கு (சிஆர்எஸ்) இபிஎஸ்ஜி எண் 4326, அதாவது பாகையில் அட்சம், தீர்க்கம்; முழு வரைபடத் திட்டத்தின் ஆய முறைக்கு 3031, அதாவது தென்துருவத்தை நடுவில் வைத்து மீட்டரில் அளப்பது. பலரும் இரண்டுக்கும் 3031 கொடுத்துவிடுவார்கள். அப்போது மென்பொருள் அந்த எண்களை மீட்டராக எடுத்துக்கொள்ளும்; புள்ளி தென்துருவத்திலிருந்து 200 மீட்டருக்குள் உட்கார்ந்திருக்கும்.

3031 வரைபடத்தில் 0° தீர்க்கம் மேலே, 180° கீழே. அதனால் கேப் அடேர் அடிப்பக்கம், சற்றே வலதில் இருக்கும். அங்கே வடக்கு என்பது கீழ்ப்பக்கம். ஓரத்தில் வழக்கமான வடக்கு அம்புக்குறியை ஒட்டாதீங்க, தப்பாகிவிடும். தீர்க்கக் கோடுகளே போதும். அவை அங்கே நெருங்கியும் இருக்கும்: ஒரு பாகை தீர்க்கம் நம்ம கோவையில் சுமார் 109 கிலோமீட்டர், அங்கே 36தான். கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற தூரம்கூட இல்லை.

நிமிடம் வரை மட்டும் கொடுத்த அளவில் ஒரு கிலோமீட்டர் வரை பிசகு வரலாம். புள்ளி தண்ணீரில் தெரிந்தால் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்க. படம் டிசம்பர், ஜனவரியில் எடுத்ததாக இருக்கட்டும். ஜூனில் அங்கே சூரியனே எழாது.

பெயருக்கு ஸ்கார் என்ற சர்வதேச அண்டார்க்டிகா ஆய்வு அமைப்பின் அண்டார்க்டிகா பெயர்த்தொகுப்பைப் பாருங்க. அந்தக் கண்டத்துக்குப் பெயர் வைக்க ஒற்றை அதிகார அமைப்பு கிடையாது. நாடுகள் தனித்தனியே பதிந்தவற்றைத்தான் இது ஒரே இடத்தில் தொகுக்கிறது. ஒரே முனைக்குப் பல பதிவு இருந்தால் பயப்பட வேண்டாம், இருப்பிட எண்கள் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்க. அடேர் தீபகற்பம் வேறு பதிவு. இந்த முனை அதன் வடக்கு நுனி.

கண்டவர், பெயர் வைத்தவர், யார் பெயர் என்பதைத் தனித்தனியே எழுதுங்க. 1841 ஜனவரியில் கண்டு பெயரிட்டவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ். பெயருக்குரிய அடேர் பிரபு அவருடைய நண்பர், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். அங்கே போனவரே அல்ல. ராஸும் இந்த முனையில் இறங்கவில்லை, பக்கத்துப் பொசெஷன் தீவில்தான் கால்வைத்தார். அதனால் குறிப்பில் "ராஸ் இறங்கிய இடம்" என்று எழுதாமல் "ராஸ் கண்டு பெயரிட்டது, 1841" என்று போடுங்க.