சிரியத்தை ஒரே நாளில் படித்துவிடுவது எப்படி

தமிழ்நாட்டிலிருந்து ரங்கூன் வரும் சொந்தக்காரர்கள் இரண்டு நாள் ஷ்வேடகோன் பகோடாவையும் கடைத்தெருவையும் பார்த்து முடித்ததும் மெதுவாக ஆரம்பிப்பார்கள்: "எங்க தாத்தா சிரியத்துல இருந்தாராம். அந்த ஊரைப் பாக்கணும்." நான் துறைமுகத்தில் 31 வருஷம் சரக்குக் கணக்கு எழுதியவன். என் தாத்தாவும் சிரியத்தில் பர்மா ஆயில் கம்பெனியில் (பி.ஓ.சி.) மண்ணெண்ணெய் டின் அடித்தவர். அதனால் இந்த வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. இத்தனை பேரைக் கூட்டிப் போனதில் ஒன்று புரிந்தது: ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கும் சிரியத்தை ஆற்றங்கரையிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். பகோடாவில் தொடங்கினால் நாலு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள், ஊர் பிடிபடாது.

முதலில் பெயர். டிரைவரிடம் சிரியம் என்றால் இளவயதுக்காரர் விழிப்பார். இப்போதைய பெயரான தன்லின் என்று சொல்லுங்கள். பழைய கடிதத்தில் 'ஹந்தாவடி ஜில்லா, சிரியம்' என்று இருந்தால் பெகுவுக்கு (இன்றைய பாகோ) கிளம்பிவிடாதீர்கள். ஹந்தாவடி என்பது பெகு ராஜ்ஜியத்தின் பழைய பெயர்தான். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூனைச் சுற்றியிருந்த ஜில்லாவுக்கே அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் இந்தக் குழப்பத்தில் பெகுவில் ஒரு நாள் முழுக்க அலைந்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தது.

அடுத்தது நாள் பார்ப்பது. இங்கே பஞ்சாங்கம் கைகொடுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாட்களில் போங்கள். அப்போது கடலோடு சேர்ந்து ஆற்றுத் தண்ணீர் ஏறும் ஏற்றத்துக்கும் இறங்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 20 அடி வித்தியாசம் இருக்கும். அஷ்டமி நவமி பக்கம் போனால் அதில் பாதிகூடத் தெரியாது. ஏற்றம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காலையில் வற்றம் இருக்கும் நாளாக அமைந்தால் உத்தமம்.

ரங்கூனிலிருந்து பாலம் வழியாகப் போகலாம். 1993இல் திறந்த பாலம், சீன உதவியில் கட்டியது, ரயிலும் போகும் காரும் போகும். அதற்கு முன்னால் படகுதான். சின்ன வயதில் பாட்டியோடு படகில் போகும்போது, நடு ஆற்றில் தண்ணீரின் நிறம் மாறும் இடத்தைப் பாட்டி காட்டுவார். பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், படமும் வேண்டாம். காவலுக்கு நிற்பவர்கள் கேள்வி கேட்பார்கள், பாதி நாள் போய்விடும்.

அக்கரை சேர்ந்ததும் ஆற்றங்கரைக்கு நடந்து, வற்றத்தில் படகுத்துறைக் கால்களைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே வரைக்கும் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். கீழே சேற்றில் குட்டி மீன்கள் துள்ளித் துள்ளி நகரும். ஒரு கைப்பிடிச் சேறு எடுத்து விரலில் தேய்த்தால் மணல் நெருடாது, சந்தனம் மாதிரி வழுக்கும். இந்த ஊரின் பாதி வரலாறு அந்தச் சேறுதான். பெகு ஆறு இதைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் பெகு ராஜ்ஜியத்தின் தலைநகருக்குக் கப்பல் போகும் வழியை அடைத்தது. அதனால்தான் 15ஆம் நூற்றாண்டின் முடிவில் துறைமுகம் கடலுக்குக் கிட்டத்தில், பெகு ஆறும் ரங்கூன் ஆறும் கலக்கும் இந்த முனைக்கு இறங்கி வந்தது.

அங்கே நின்றபடியே மேற்கே, ரங்கூன் பக்கம் பாருங்கள். ஆறுகள் கலக்கும் அந்த இடத்துக்கு மங்கி பாயிண்ட் என்று பெயர். பிலிப் டி பிரிட்டோ என்ற போர்ச்சுக்கீசியக் கூலிப்படைக்காரன் 1599இல் மேற்குக் கரை ராஜ்ஜியமான அரக்கானின் படையோடு பெகுவைக் கொள்ளையடிக்க வந்து, சிரியத்துக்கு அதிகாரியாகி, கடைசியில் அரக்கான் ராஜாவையே உதறிவிட்டுத் தானே ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டான். 1608இல் ஷ்வேடகோனிலிருந்த தம்மசேதி மன்னரின் பெரிய மணியைப் பீரங்கி வார்க்கலாம் என்று தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவந்தான். மணி இந்தச் சேற்றுக்குள் போய்விட்டது. எத்தனையோ பேர் தேடிவிட்டார்கள், இன்னும் அகப்படவில்லை. 1613இல் பர்மிய மன்னர் அனௌக்பெத்லுன் ஊரைப் பிடித்து அவனைக் கழுவேற்றினார்.

ஆற்றுக்குள் படிந்த மேட்டால் மங்கி பாயிண்டைத் தாண்டி ரங்கூனுக்குள் பெரிய கப்பல் வர முடியாமல் இருந்தது. ரொம்ப காலம் 167 மீட்டர் நீளம்தான் வரம்பு. என் வேலைக்காலத்தில் இதற்காக ஏற்றத் தண்ணீரை எதிர்பார்த்துக் கப்பல்கள் காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் 200 மீட்டர் கப்பல்களுக்குச் சிரியத்துக்குத் தெற்கே திலாவாவில் துறை போட்டார்கள், 2015இல் பக்கத்திலேயே தொழிற்பேட்டையும் வந்தது. பழைய சேறுதான் துறைமுகத்தை மறுபடியும் இந்தக் கரைக்குத் தள்ளியிருக்கிறது.

சரி, இனி சந்தைக்குப் போய் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸோ தோசையோ சாப்பிட்டுவிட்டு, ஒரு சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) பிடித்து இடிந்த மாதா கோயிலுக்குப் போங்கள். நான் அசடு வழிந்த இடம் அது. பத்துப் பதினைந்து வருஷமாக எல்லாரையும் அதன் முன்னால் நிறுத்தி, "டி பிரிட்டோ கட்டின சர்ச்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஊலே (பெரியவர்), "தம்பி, அவன் செத்து 130 வருஷத்துக்கு அப்புறம் கட்டினது இது" என்று பர்மியில் சொன்னார். வந்திருந்தவர்களுக்குப் பர்மிய மொழி தெரியாது, என் மானம் தப்பியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னதே சரி. இத்தாலியப் பாதிரியார்கள் 1750ஐ ஒட்டிக் கட்டியது. 1756இல் பர்மிய மன்னர் அலவுங்பயா சிரியத்தை அழித்தபோது நெரினி என்ற பாதிரியாரும் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய வருஷமே அக்கரையிலிருந்த டகோனுக்கு யாங்கோன், அதாவது ரங்கூன், என்று பெயர் வைத்தாகிவிட்டது. வியாபாரமும் அங்கே போனது. சிரியம் 150 வருஷம் தூங்கியது.

சுவரைக் கையால் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள். செங்கல் சந்துகளில் வேர் புகுந்திருக்கும். எந்த இடிபாட்டைப் பார்த்தாலும் இது எந்த வருஷம், யார் ஆட்சி என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பிறகு வாயைத் திறங்கள். ஊலேயிடம் நான் கட்டிய ஃபீஸ் அது.

அப்புறம் தெற்கே இரண்டு மூன்று மைலில் சைக்காவ் பகோடா. 'சைக்' என்று தொடங்கும் பெயர்கள் மோன் இனத்தாரின் மொழி. கோயில் என்று அர்த்தம். பர்மியர் வருவதற்கு முன்னால் இங்கே இருந்தது யார் என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கும். மேலே ஏறும்போது மண்ணைக் கவனியுங்கள், சிவப்புச் செம்பூராங்கல். ஷ்வேடகோன் நிற்கும் குன்றும் இதுவும் பெகு யோமா மலைத்தொடரின் வால். சுற்றிலும் சேற்று வயல், நடுவே இந்த மேடு மட்டும் கெட்டி நிலம். வெள்ளத்துக்குப் பயப்படாமல் கோட்டையும் ஊரும் கட்ட வேறு இடம் எங்கே இருக்கிறது? பகோடா முன்னால் இரண்டு கவிஞர்களின் சமாதி இருக்கிறது. அதில் ஒருவர் நத்ஷின்னௌங், டௌங்கூ இளவரசர். டி பிரிட்டோவோடு சேர்ந்து அவனோடேயே அழிந்தவர். செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள், வெயில் நேரத்தில் கல் காலைப் பொசுக்கும்.

கடைசியில் தாத்தா விஷயம். 1909இல் யெனாங்யவுங் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து சிரியத்துக்கு 275 மைல் குழாய் போட்டார்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் சுத்திகரிப்பு ஆலைக்குக் கூட்டமாக வந்தார்கள். 1942 மார்ச் 7ஆம் தேதி, ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரனே அதைக் கொளுத்தினான். எங்கள் பாட்டி ரங்கூனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் புகையில்தான் ஆரம்பிப்பார். இப்போது இருக்கும் ஆலை அரசாங்கத்துடையது, உள்ளே விட மாட்டார்கள், வெளியே நின்று படமெடுப்பதும் வேண்டாம். வீட்டு நம்பரைத் தேடி அலையாதீர்கள், கிடைக்காது. அதற்குப் பதில் பக்கத்துத் தெருக்களில் தமிழர் கட்டிய கோயிலைக் கேட்டுப் போய், பூசை நேரத்தில் வயதானவர் யாராவது வந்தால் தாத்தாவின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஊர்க்காரர், ஆலையில் எந்த வேலை, எந்த வருஷம் போனார் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் முனுசாமி என்றால் இருபது முனுசாமி வருவார்கள். "டின் அடிக்கிற முனுசாமி, சேலத்துக்காரர்" என்றால் ஒருவர்தான்.

நேரம் மிச்சமிருந்தால் சௌக்தான் போய் ஆற்று நடுவே இருக்கும் யேலே பகோடாவைப் பாருங்கள், மீனுக்குப் பொரி போடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நாலு மணிக்குள் திரும்பப் பாருங்கள், சாயங்காலம் பாலத்தில் வண்டி நகராது.