லைக் போட்டவர் வாங்க மாட்டார்: மலைப் படங்களை அச்செடுத்து இணையத்தில் விற்கும் முறை

2018-ல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானல் பக்கம் நான்கு நாள் அலைந்து எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சரிவு முழுக்க நீலம், மேலே ஒரு துண்டு மேகம். இன்ஸ்டாகிராமில் போட்டதும் பாராட்டு குவிந்தது. "இதை ஃப்ரேம் பண்ணி ஹால்ல மாட்டணும் ப்ரோ" என்று எழுதியவர்களே முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அதை நம்பி 20 பிரதி அச்செடுத்தேன். இரண்டு விற்றன. அதில் ஒன்றை வாங்கியது என் சித்தப்பா. மீதி 18-ம் கோத்தகிரி வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்து, அடுத்த மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்தன.

அதே வருடம் போகிற போக்கில் எடுத்த இன்னொரு படம்: மூடுபனிக்குள் கோத்தகிரி பக்கத்துக் கட்டபெட்டு பஸ் நிறுத்தம், முகப்பு விளக்கு எரிய வந்து நிற்கும் அரசுப் பேருந்து. லைக் சொற்பம். ஆனால் இன்றுவரை எனக்கு அதிகம் ஆர்டர் வந்த படம் அதுதான். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வழியில் பஸ் ஏறிப் பள்ளிக்கூடமோ வேலையோ போனவர்கள்.

இந்த இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கேமராவோ நல்ல ஃபோனோ இருக்கிறது, படமும் எடுக்கத் தெரியும், ஆனால் ஒரு பிரதிகூட விற்றதில்லை என்பவர்களுக்கான செய்முறை இது.

படி 1: படத்துக்கு முன் ஆளைத் தேடுங்கள்

குறிஞ்சிப் படத்தை ஏன் யாரும் வாங்கவில்லை? அந்த வருடம் மலைக்கு வந்த எல்லோர் ஃபோனிலும் ஒரு குறிஞ்சி இருந்தது. அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் காசு கொடுப்பதில்லை, அழகு ஃபோனில் சும்மாவே கிடைக்கிறது. தன் வாழ்க்கையில் ஒரு துண்டு அந்தப் படத்துக்குள் இருந்தால்தான் ஒருவர் பர்ஸைத் திறக்கிறார். நீலகிரியைப் பொறுத்தவரை அப்படிப்பட்டவர் பெரும்பாலும் மலையில் இருப்பவர் அல்லர், மலையை விட்டு இறங்கிப் போனவர்.

யோசித்துப் பாருங்கள். வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் பயிலும் கல்லூரி இருக்கிறது. குடும்பத்தோடு வருகிறார்கள், ஒரு வருடத்துக்குள் படிப்பை முடித்துவிட்டு நாட்டின் ஏதோ ஒரு மூலைக்குக் கிளம்புகிறார்கள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-லிருந்து நடக்கிறது. பழைய மாணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கோவையிலும் பெங்களூரிலும் வீடு கட்டிக்கொண்ட படகர் குடும்பங்களுக்கு ஊட்டி ஏரிப் படம் எதற்கு? தங்கள் ஹட்டி (படகர் ஊர்), அதன் வரிசை வீடுகள், பின்னால் தெரியும் தேயிலைச் சரிவு, இது கிடைத்தால் விடமாட்டார்கள். கோவையில் இருக்கும் ஒரு அக்கா தன் ஊர்ப் படத்தை நான்கு பிரதி வாங்கினார். அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்கு ஒன்று.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏ.டி.டபிள்யூ. பென் என்ற வெள்ளைக்காரர் ஊட்டியில் ஸ்டுடியோ வைத்து மலைக் காட்சிகளைப் படமெடுத்திருக்கிறார். அவருக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது, ஆனால் ஒருநாள் கப்பலேறி ஊருக்குத் திரும்பப்போகும் மனிதர்கள் சுற்றிலும் இருந்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் படங்களில் பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் "இதை மாட்டப்போகிறவர் யார், எந்தச் சுவரில்" என்று ஒரு வரி எழுதுங்கள். "இயற்கையை ரசிப்பவர்கள்" என்று எழுத வந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள். என் பத்தில் மூன்றுதான் தேறின.

படி 2: விற்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். ஒரு ரிசார்ட்டோ எஸ்டேட்டோ காசு கொடுத்து உங்களைப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் காப்புரிமை காசு கொடுத்தவருக்கே. 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த வேலையில் எடுத்த படத்தைப் பிற்பாடு விற்க நினைத்தால் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

முகம் தெளிவாகத் தெரியும் மனிதர்களிடம் கேட்டுவிட்டு விற்கவும். தோடர்களின் குடியிருப்பான மந்திலும் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையிலும் கேமராவைத் தூக்கும் முன்பே கேட்க வேண்டும், விற்பதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். நான் பண்டிகைப் படங்களை விற்பதே இல்லை. காட்டுக்குள் எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி. முதுமலைச் சாலையில் வண்டியை விட்டு இறங்கி எடுத்த படத்தை விளம்பரம் செய்து விற்பது, செய்த தப்புக்கு நாமே ரசீது கொடுப்பது மாதிரி.

படி 3: எந்த அளவு வரை தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நிம்மதி. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 போதும். 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000 x 4000 பிக்சல். 300-ஆல் வகுத்தால் 20 x 13 அங்குலம் வருகிறது. ஆக, 12 x 18 தாராளமாக வரும். 12 மெகாபிக்சல் ஃபோன் படம் 4000 x 3000, அதற்கு 9 x 12 சரியான அளவு. ஃபோன் படத்தின் நீள அகல விகிதம் வேறு என்பதால் 12 x 18-ல் போட்டால் மேலோ கீழோ வெட்டுப்படும். மலை உச்சி வெட்டுப்பட்டுப் போன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய கோப்பைப் படம் அச்சிடும் லேப்புக்குக் கொடுக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். மின்னஞ்சலோ கூகுள் டிரைவோ பென் டிரைவோ, அசல் கோப்புதான் போக வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டே அளவு வையுங்கள்: 8 x 12, 12 x 18. ஃப்ரேம் கடைகளில் இவற்றுக்குச் சட்டம் சுலபமாகக் கிடைக்கும்.

படி 4: சோதனை அச்சு

புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான், நானும் இங்கேதான் சறுக்கினேன். திரை தானே ஒளிர்வது, காகிதம் அப்படி இல்லை. திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு திருத்திய படம் காகிதத்தில் கரி பூசினாற்போல் வரும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இருக்கும்படி செய்த பிறகு திருத்துங்கள். செலவில்லாத வழி இது.

மலைப் படங்களுக்கென்றே மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது தேயிலைக் கொழுந்தின் பச்சை. திரையில் மின்னும் அந்த மஞ்சள் கலந்த பச்சையைக் காகிதத்தால் பிடிக்க முடியாது. நிறத்தை ஏற்றி வைத்திருந்தால் இலைக்கும் இலைக்கும் வித்தியாசமே இல்லாமல் ஒரே பச்சைப் பூச்சாகிவிடும், நிறச் செறிவைக் குறையுங்கள். இரண்டாவது, தூரத்து மலையின் நீலம். கொஞ்சம் மிஞ்சினாலும் அச்சில் கத்தரிப்பூ நிறம் அடிக்கும். மூன்றாவது மூடுபனி. திரையில் பால் மாதிரி இருக்கும் வெள்ளை, அச்சில் வெறும் காகிதமாகத் தெரியும், மையே விழுந்திருக்காது. படம் திருத்தும் செயலியில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை; 255-ல் நிற்கும் வெள்ளையை 245 அளவுக்கு இறக்கினால் பனிக்கு ஓர் உடம்பு கிடைக்கும்.

இதையெல்லாம் சரிசெய்து கோவையில் ஒரு லேப்பில் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தப் படம் பளிச்சென்று வந்திருந்தது, பனியையே காணோம். லேப்காரரிடம் கேட்டால், "தம்பி, படம் டல்லா இருந்துச்சு, கொஞ்சம் தூக்கிவிட்டேன்" என்றார். "அண்ணே, அந்த டல்லுக்குத்தான் காசு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், உள்ளுக்குள் அழுகை. அவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாண ஆல்பம் போடுகிற கை அது. அன்றிலிருந்து கோப்பின் பெயரிலேயே "கலர் கரெக்ஷன் வேண்டாம்" என்று எழுதி அனுப்புகிறேன். கோப்பை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வழக்கமான நிற அமைப்பில் சேமித்துக் கொடுங்கள். லேப் வேறு ஏதாவது கேட்டால் மட்டும் மாற்றவும்.

ஒவ்வொரு படத்தையும் 4 x 6 அளவில் முதலில் போட்டு, பகலில் ஜன்னல் பக்கமும் இரவில் டியூப்லைட் அடியிலும் வைத்துப் பாருங்கள். பிடித்தால் பெரிய அளவு. காகிதம் லஸ்டர் (லேசான பளபளப்பு உள்ளது) என்றால் பெரும்பாலும் எல்லாப் படத்துக்கும் ஒத்துவரும். பளபளக்கும் கிளாசியில் கைரேகை பதியும், எதிரே இருக்கும் ஜன்னல் தெரியும். ஹானெமூலே மாதிரியான பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையால் அச்சிடுவது பார்க்கவே தனி அழகு, விலையும் தனி. முதல் இருபது முப்பது விற்பனை முடியும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆர்டர் வந்த பிறகே அச்செடுங்கள், கட்டிலுக்கடியில் ஸ்டாக் வேண்டாம்.

படி 5: விலை

நான் முதலில் 12 x 18 படத்தை 500 ரூபாய்க்கு விற்றேன். லாபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அச்சு 180. அட்டைக் குழாய் 70. பட்டர் பேப்பர், டேப் எல்லாம் 20. தபால் 100. கோவை போய்வர பஸ்ஸும் சாப்பாடும் 250, ஒரு நடைக்கு ஐந்து படம் என்று வைத்தால் படத்துக்கு 50. மொத்தம் 420. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்குச் சுமார் 2 சதவீதமும் அதன்மேல் வரியுமாக 12. பத்தில் ஒன்று நசுங்கியோ நனைந்தோ திரும்பவும் அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு 40 ஒதுக்கினால் 472. மிச்சம் 28 ரூபாய். ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டால் தீர்ந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளிரில் நின்றதற்குக் கூலி பூஜ்யம்.

இப்போது அதே படம் 1,200. விலையை ஏற்றினால் ஆர்டர் நின்றுவிடும் என்று பயந்தேன், நிற்கவில்லை. 500-க்கு வாங்காதவர் 300-க்கும் வாங்க மாட்டார். தன் ஊர் பஸ் நிறுத்தத்தைத் தேடி வந்தவர் 1,200-க்கும் யோசிப்பதில்லை. உங்கள் செலவை இதே மாதிரி எழுதிக் கூட்டி, அதை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், அங்கிருந்து தொடங்கலாம். நண்பர் விலை என்று தனியாக ஒன்றை மட்டும் வைத்துவிடாதீர்கள், எல்லோரும் நண்பர்களாகிவிடுவார்கள்.

படி 6: எங்கே விற்பது

தொடக்கத்தில் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கும் யூபிஐயும் போதும். சொந்தமாக இணையக் கடை திறந்தால் ஆட்கள் தானாக வருவார்கள் என்று எண்ணி ஒரு வருடச் சந்தா கட்டினேன். யாரும் வரவில்லை. நடு வனாந்தரத்தில் கடை போட்டமாதிரிதான். ஆள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும்: ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழு, பழைய மாணவர் குழு. நுழைந்ததும் விலைப்பட்டியலைப் போடாதீர்கள். படத்தையும், எங்கே எப்போது எடுத்தது என்பதையும் போடுங்கள். "இது கிடைக்குமா" என்ற கேள்வி அங்கிருந்தே வரும்.

எட்ஸி போன்ற சந்தைகளில் ஒரு படத்தைப் பட்டியலிட 0.20 டாலர், அது 4 மாதம் இருக்கும். விற்றால் 6.5 சதவீதம் அவர்களுக்கு. வெளிநாட்டுக்குக் குழாய் அனுப்புவது கட்டுப்படியாகாது. ஃபைன் ஆர்ட் அமெரிக்கா போன்ற தளங்களில் கோப்பை மட்டும் ஏற்றினால் அவர்களே அச்செடுத்து அனுப்பிவிடுவார்கள், அடக்க விலைக்கு மேல் உங்கள் பங்கை நீங்கள் வைக்கலாம். காகிதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் குறை.

படத்துக்கு "அமைதி", "கனவு" என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். யாரும் அதைத் தேடுவதில்லை. "கேத்தி பள்ளத்தாக்கு, மலை ரயில், காலை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இணையத்தில் ஏற்றும் பிரதி நீளவாக்கில் 1,200 பிக்சலுக்கு மேல் வேண்டாம், திருடினாலும் பெரிதாக அச்செடுக்க முடியாது. சுவரில் நாற்காலிக்கு மேலே மாட்டிய படம் ஒன்றையும் சேருங்கள். 12 x 18 எவ்வளவு பெரியது என்பது எண்ணில் யாருக்கும் புரியாது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்பனை சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதே பொது விதி. பெங்களூர் ஆர்டரை எடுக்கும் முன் ஓர் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

படி 7: கட்டுவதும் அனுப்புவதும்

மூன்று அங்குலத்துக்குக் குறைவான விட்டமுள்ள குழாய் வேண்டாம், படம் சுருண்டபடியே நின்றுவிடும். படத்தின் முகத்தில் பட்டர் பேப்பர் வைத்து, முகம் உள்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். நீர் புகாத உறையில் போட்டு, குழாய்க்குள் இறக்குங்கள். குழாய் படத்தைவிட இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது நீளமாக இருக்கட்டும், அடி விழுவது முனையில்தான். அச்செடுத்த படத்தை வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க நேர்ந்தால் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரம் லென்ஸையே விட்டுவைப்பதில்லை, காகிதம் எம்மாத்திரம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பிறகு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, மண் சரிந்து சாலை அடைபட்டால் பார்சல் மேட்டுப்பாளையத்தைத் தாண்டவே நாளாகும். அந்த மாதங்களில் "பத்து நாள் ஆகலாம்" என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சட்டமும் கண்ணாடியும் போட்டு அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். ஒரே ஒருமுறை ஒப்புக்கொண்டேன். பெட்டியைப் பிரித்தவர் அனுப்பிய வீடியோவில் கண்ணாடித் தூளைக் கொட்டும் சத்தம்தான் முதலில் கேட்டது.

குழாய்க்குள் ஒரு துண்டுத்தாளும் வையுங்கள்: "பிரித்ததும் சமமான இடத்தில் முகம் கீழாக விரித்து, மேலே கனமான புத்தகங்களை இரண்டு நாள் வையுங்கள். அதன் பிறகு ஃப்ரேம் கடைக்குக் கொண்டுபோங்கள்." பத்து நாள் கழித்து, மாட்டியாகிவிட்டதா என்று ஒரு செய்தி போட்டு, சுவரோடு ஒரு படம் கேளுங்கள். கட்டபெட்டு படத்தை வாங்கிய ஒருவர் அப்படி அனுப்பியதை அவர் வகுப்புத் தோழர்கள் குழுவிலும் போட்டுவிட்டார். அந்த வாரமே ஐந்து ஆர்டர், கோவைக்கு ஒரு நடை சரியாக இருந்தது.